உருளை மாற்றமும் குழல்விட்டமும்: மலையக அதிகார வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மலையகத்தின் வரலாற்றை ஆராய்ந்தோர் நிலம், உழைப்பு, கூலி, குடியுரிமை ஆகியவற்றையே பெரிதும் நோக்கியுள்ளனர். அவ்வாறு நோக்கியமை தக்கதேயாகும். எனினும், தோட்டத்து அதிகாரத்தின் இறுதித் துணையாக நின்ற துப்பாக்கி பற்றியும் வரலாற்று மாணவர் சிறிது சிந்தித்தல் பயனுடைத்து. ஒரு கருவியின் உறுப்பொன்றை மாற்றினால் அக்கருவி வேறொன்றாகிவிடுமா என்பது பொறியியல் வினா. ஓர் ஆட்சியமைப்பின் உறுப்பொன்றை மாற்றினால் அவ்வமைப்பு வேறொன்றாகிவிடுமா என்பது வரலாற்று வினா. முன்னதற்குரிய விடை பின்னதை விளங்கிக்கொள்ளத் துணைபுரிகின்றது என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுழல்துப்பாக்கி மூன்று தலையாய உறுப்புகளைக் கொண்டது. கைப்பிடியோடு கூடிய சட்டகம் ஒன்று. ரவைகளைத் தாங்கும் ஐந்து அல்லது ஆறு அறைகளையுடைய உருளை மற்றொன்று. சன்னம் வெளியேறும் குழல் மூன்றாவது. சுத்தியலைப் பின்னிழுக்குந்தோறும் உருளை சுழன்று, ஓர் அறை குழலின் வாயிலுக்கு நேராக வந்து நிற்கும். அமெரிக்கரான சாமுவேல் கோல்ட் 1836 இல் உரிமைக்காப்புப் பெற்ற அமைப்பு இதுவே. அக்காலத்தில் வெடிமருந்தையும் குண்டையும் உருளையின் முன்புறமாக ஒவ்வோர் அறையிலும் இட்டு நிரப்ப வேண்டியிருந்தது. இதற்கு நேரம் மிகுதியாகத் தேவைப்பட்டமையால், கோல்ட்டின் தொடக்ககாலத் துப்பாக்கிகள் சில, நிரப்பி வைத்துக்கொள்ளத்தக்க மேலதிக உருளையொன்றுடன் பெட்டியிலிட்டு விற்கப்பட்டன. உருளை மாற்றும் வழக்கம் இவ்வாறு தோன்றியது. ஆயின் அது ஒரே விட்டமுடைய உருளைகளின் மாற்றமேயாகும்.

வெவ்வேறு விட்டமுடைய துப்பாக்கிகளிடையே உருளையை மாற்றலாமா என்ற வினா எழுவதற்கு முன்னர், விட்டம் எவ்வாறு அளக்கப்பட்டது என்பதை அறிதல் வேண்டும். பழைய பிரித்தானிய வழக்கில், ஓர் இறாத்தல் ஈயத்திலிருந்து எத்தனை உருண்டைக் குண்டுகள் வார்க்கலாம் என்ற எண்ணே துளையின் அளவாகும். 54 குண்டுகள் வார்க்கப்படின் அது 54 துளை. அதாவது ஏறத்தாழ 0.442 அங்குலம். 1848 இல் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர் யானை வேட்டைக்கெனத் தாம் செய்வித்த 21 இறாத்தல் நிறையுடைய துப்பாக்கியில் 4 அவுன்ஸ் நிறையுள்ள குண்டைப் பயன்படுத்தினார். இறாத்தலுக்கு 16 அவுன்ஸ் ஆகையால் அது 4 துளைத் துப்பாக்கியாகும். அந்நாட்களில் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் அதற்கேயுரிய குண்டுவார்ப்பு இருந்தது. அளவு என்பது உடையவனின் கையிலேயே தங்கியிருந்த காலம் அது.

உலோக ரவையின் வருகை இந்நிலையை மாற்றியது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்ட ஆண்டு 1867 ஆகும். அதற்கு அடுத்த ஆண்டில், உருளை மாற்றத்தின் வரலாற்றிலே குறிப்பிடத்தக்க இரு நிகழ்ச்சிகள் இடம்பெற்றன. பிரித்தானிய இராணுவம் தன்னிடமிருந்த 54 துளை போமண்ட்-அடம்ஸ் துப்பாக்கிகளைக் களைந்துவிடாது, ஜோன் அடம்ஸின் முறைப்படி புதிய உருளைகளைப் பொருத்தி, 0.450 அங்குல உலோக ரவையை ஏற்கும்படி செய்தது. அமெரிக்காவிலே ரெமிங்டன் நிறுவனம் 0.44 அங்குல இராணுவத் துப்பாக்கிகளின் ஆறு அறை உருளையை அகற்றி, 0.46 அங்குல ரவைக்குரிய ஐந்து அறை உருளையைப் பொருத்தியது. ரவை பருத்தமையால் ஓர் அறை குறைய வேண்டியதாயிற்று.

பெயரளவில் விட்டங்கள் வேறாயிருந்தும் இம்மாற்றங்கள் எவ்வாறு கைகூடின? இங்குதான் உண்மை பொதிந்துள்ளது. 0.44 என அழைக்கப்பட்ட துப்பாக்கியில் இடப்பட்ட உருண்டைக் குண்டின் மெய்யான விட்டம் 0.45 அங்குலத்திற்குச் சற்று மேற்பட்டதாகும். எனவே பெயர் மாறியதேயன்றிக் குழலின் துளை மாறவில்லை. மாறவேண்டிய தேவையும் இருக்கவில்லை. சட்டகமும் குழலும் பழையனவாகவே இருக்க, அவற்றிற்கு இயைபான உருளை மட்டுமே புதிதாயிற்று. இயைபு இல்லாதவிடத்து மாற்றம் கேட்டையே விளைவிக்கும். சன்னம் குழலினும் பருத்ததாயின் அழுத்தம் பெருகித் துப்பாக்கி சிதறக்கூடும். சிறுத்ததாயின் வாயு பக்கங்களில் ஒழுகிச் சன்னம் குறி தவறும். அறை குழலுக்கு நேரே நில்லாவிடின் ஈயம் சீவப்பட்டுப் பக்கவாட்டில் தெறிக்கும்.

பெயர் ஒன்றாயிருப்பதனால் மட்டும் இயைபு ஏற்பட்டுவிடுவதில்லை என்பதற்கும் சான்று உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சிமித் அன்ட் வெசன் நிறுவனம் பிரித்தானியாவுக்கு 0.38 அங்குலத் துப்பாக்கிகளை வழங்கியது. போருக்குப் பின்னர் அமெரிக்கச் சந்தைக்குத் திரும்பிய அவற்றுட் பலவற்றின் அறைகள், 0.38 என்ற அதே பெயருடைய வேறொரு ரவைக்காக நீளமாகக் கடையப்பட்டன. அவ்வறைகளின் அடிப்பகுதி புதிய ரவைக்கு அகன்றதாயிருந்தமையால், சுடும்போது ரவைக்கூடு புடைத்தும் பிளந்தும் போயிற்று. பெயரை நம்பி அளவை நோக்காததன் விளைவு இதுவாகும்.

இனி, அளவை வகுக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதை நோக்குவோம். பிரித்தானிய இராணுவ அதிகாரி தனது சுழல்துப்பாக்கியைத் தன் பணத்திலேயே வாங்கிக்கொள்ளும் வழக்கம் நெடுநாள் நிலவியது. எந்த நிறுவனத்தின் துப்பாக்கியையும் அவர் வாங்கலாம். ஆனால் அது அரசு வழங்கும் ரவையை ஏற்றல் வேண்டும். துப்பாக்கி தனியாருடையதாயினும் அளவு அரசினுடையதாயிற்று. மலையகத்திலும் இதே ஒழுங்கைக் காணலாம். ஐரோப்பியத் தோட்டத் துரைமாரைக் கொண்டு 1900 இல் அமைக்கப்பட்ட இலங்கைத் தோட்டத் துரைமார் றைபிள் படை 1949 வரை நிலைத்தது. பகலிற் கொழுந்து நிறுவையை மேற்பார்வை செய்த துரையே படைப்பயிற்சியின்போது அரசின் ஆயுதத்தைத் தாங்கினார். 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச்சட்டம் துப்பாக்கி வைத்திருப்போர் உரிமம் பெறுதலைக் கட்டாயமாக்கியது. லயன் அறைகளில் வாழ்ந்த தொழிலாளியின் கையில் இருந்தவையோ கவ்வாத்துக் கத்தியும் முள்ளும் மண்வெட்டியுமே.

மலையகப் பெருந்தோட்டத்தின் வரலாறும் தொடர்ச்சியான உருளை மாற்றங்களின் வரலாறாகவே தோன்றுகின்றது. 1869 இற் பரவத் தொடங்கிய இலைநோயினாற் கோப்பி அழிந்தபோது, துரைமார் தோட்டங்களைக் கைவிட்டுவிடவில்லை. அதே மலைச்சரிவு, அதே பாதை, அதே கங்காணி முறை ஆகியவற்றின்மீது தேயிலையைப் பொருத்தினர். கோப்பிக்குப் பருவகால உழைப்பே பெரிதும் தேவைப்பட்டது. தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டியிருந்தது. ஆதலின் தொழிலாளர் குடும்பங்கள் நிரந்தரமாகத் தோட்டத்துடன் பிணைக்கப்பட்டனர். பயிர் மாறியது, பிணிப்பு இறுகியது.

இப்பிணிப்பை எதிர்த்துத் தொழிலாளர் சங்கமாகத் திரண்டபோது துப்பாக்கி வெளிப்பட்டது. 1940 ஜனவரி 10 ஆம் நாள், கண்டி மாவட்டத்தின் ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில், கூலி உயர்வு கோரிய வேலைநிறுத்தத்தின்போது பொலிசார் சுட்டதிற் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். இதனையடுத்து எழுந்த அரசியல் நெருக்கடி ஆழ்ந்து நோக்கத்தக்கது. வேலைநிறுத்தக்காரருக்கு எதிரான வழக்குகள் தொடர்பில் உள்நாட்டமைச்சர் டி. பி. ஜயதிலக விடுத்த பணிப்புரைக்குப் பொலிஸ் மாஅதிபர் கட்டுப்பட்டவரா என்ற வினா எழுந்தது. தேசாதிபதி அன்ட்ரூ கால்டெகொட் மாஅதிபரின் பக்கம் நின்றமையால் அமைச்சர்கள் 1940 பெப்ரவரியிற் பதவி விலகினர். பின்னர் இணக்கம் ஏற்பட்டு மீண்டும் பதவியேற்றனர். டொனமூர் யாப்பின்கீழ் மக்களாற் தெரிவுசெய்யப்பட்டோர் அமைச்சர் பதவிகளில் அமர்ந்து ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் கடந்திருந்தும், துப்பாக்கியின் விசை அவர்கள் கைக்கு வந்திருக்கவில்லை என்பதை அந்நிகழ்வு புலப்படுத்தியது.

1948 இற் சுதந்திரம் கிடைத்தது. அதே ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1972 இலும் 1975 இலும் நிறைவேற்றப்பட்ட காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. கம்பனியும் துரையும் அகன்று, கூட்டுத்தாபனமும் அரசாங்க முகாமையாளரும் வந்தமை பெரும் மாற்றமென எதிர்பார்க்கப்பட்டது. ஆயினும் 1977 மே 11 ஆம் நாள், நுவரெலியா மாவட்டத்தில் 7000 ஏக்கர் தோட்டக்காணியைப் பங்கிடும் திட்டத்திற்கு எதிராகத் தலவாக்கலைப் பகுதியின் டெவன் தோட்டத்திலே திரண்ட தொழிலாளர்மீது பொலிசார் சுட்டதிற் சிவனு லெட்சுமணன் கொல்லப்பட்டார். கோவிந்தன் குடியேற்ற ஆட்சியின் துப்பாக்கிக்கு இரையானவர். லெட்சுமணன் சுதந்திரக் குடியரசின் துப்பாக்கிக்கு இரையானவர். இடையிற் கழிந்த முப்பத்தேழு ஆண்டுகளில் உடைமையாளர் மாறினர், கொடி மாறியது, யாப்பு மாறியது. சன்னம் சென்ற திசை மாறவில்லை.

துப்பாக்கித் தொழில்நுட்பம் புகட்டும் பாடம் இங்குப் பொருந்துகின்றது. சட்டகத்தையும் குழலையும் அவ்வாறே விடுத்து உருளையை மட்டும் மாற்றுவது சிக்கனமான வழி. அது இயங்கவும் செய்யும். ஆயின் அது இயங்குவது, பழைய குழலுக்குப் புதிய உருளை இயைந்து கொடுப்பதனாலேயே ஆகும். 1868 இல் மாற்றப்பட்ட துப்பாக்கியும் முன்னர் சுட்ட அதே குழலின் வழியாகவே சுட்டது. அவ்வாறே, தோட்டத்தை ஓர் உற்பத்தி இயந்திரமாகவும் தொழிலாளரை அதனோடு பிணைக்கப்பட்ட கையாட்களாகவும் கருதும் அமைப்பை அப்படியே விடுத்து, உடைமையாளரை மட்டும் மாற்றிய சீர்திருத்தங்கள் அவ்வமைப்பின் தேவைக்கே இயைந்து போயின. 1992 இல் முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டதும் இவ்வரிசையிற் சேர்த்து நோக்கத்தக்கதே.

ஆகவே மலையகத்தில் நிகழும் எந்தவொரு மாற்றத்தையும் மதிப்பிடுவோர், புதிதாக வந்தது எது என்று மட்டும் வினவுதல் போதாது. எது மாற்றப்படாமல் எஞ்சியுள்ளது என்றும் வினவுதல் வேண்டும். நிலத்தில் உரிமை, வீட்டில் உரிமை, உழைப்பின் விலையை வகுப்பதிற் பங்கு ஆகியவை தொழிலாளரிடம் சேரும்போதுதான் குழலே மாறியது எனல் பொருந்தும். அதுவரை நிகழ்பவற்றை உருளை மாற்றங்கள் என வரலாற்று மாணவர் குறித்துக்கொள்ளுதல் தகும்.