அப்பா தினமும் வாக்கிங் போறார்... மூளைக்கு அது மட்டும் போதுமா?

"என் கண்ணாடியைப் பார்த்தியா?" என்று அப்பா கேட்பார். கண்ணாடி அவர் நெற்றியில்தான் இருக்கும். வீடே சிரிக்கும். அதே அப்பா, அடுப்பில் பாலை வெச்சுட்டு போனில் பேசிக்கிட்டே அதை மறந்துபோனால் சிரிப்பு வராது. "தினமும் வாக்கிங் போறாரே, அப்புறம் ஏன் இப்படி?" என்ற கவலைதான் வரும்.

வாக்கிங் நல்லதுதான். ஆனால் நினைவாற்றல், கவனம், ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைக் கவனிக்கும் திறன் எல்லாம் வேறு வேறு விஷயங்கள். ஒவ்வொரு பயிற்சியும் மூளைக்கு ஒவ்வொரு விதமான வேலை கொடுக்கிறது. எது என்ன செய்கிறது என்று பார்ப்போமா?

வேக நடை: நினைவின் இடத்துக்கு

புது விஷயங்களை நினைவில் பதிய வைப்பதில் மூளையின் 'ஹிப்போகேம்பஸ்' பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. வயதாக ஆக இது கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். 2011-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 120 முதியவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு வாரம் 3 நாள், 40 நிமிடம் வேகமாக நடந்தது. இன்னொரு குழு ஸ்ட்ரெச்சிங் செய்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், நடந்தவர்களுக்கு ஹிப்போகேம்பஸ் சுமார் 2% வளர்ந்திருந்தது. மற்றவர்களுக்குச் சுமார் 1.4% சுருங்கியிருந்தது. நடந்தவர்களில் இந்தப் பகுதி அதிகம் வளர்ந்தவர்களுக்கு நினைவுத்திறனும் அதிகம் மேம்பட்டிருந்தது.

கவனிங்க, இங்கே நடை என்றால் மூச்சு வாங்கும் நடை. பேச முடியணும், பாட முடியக் கூடாது. டீக்கடை வரைக்கும் போய்ட்டு வர்றது இந்தக் கணக்கில் வராது!

எடைப் பயிற்சி: சிதறும் கவனத்துக்கு

'சிவப்பு' என்ற வார்த்தையை நீல மையில் எழுதிக் காட்டி, "மையோட நிறம் என்ன?" என்று கேட்டால், சட்டென்று 'சிவப்பு' என்றுதான் வாய் வரும். அதை அடக்கி 'நீலம்' என்று சொல்ல வேண்டும். இதுதான் ஸ்ட்ரூப் சோதனை. தேவையில்லாததை ஒதுக்கி, வேண்டியதில் மட்டும் கவனம் வைக்கும் திறனை இது அளக்கிறது.

கனடாவின் வான்கூவரில் 65 முதல் 75 வயதுள்ள 155 பெண்களிடம் நடந்த ஆய்வு 2010-ல் வெளியானது. ஒரு வருடம், வாரம் ஒரு முறை எடைப் பயிற்சி செய்தவர்கள் இந்தச் சோதனையில் 12.6%, இரண்டு முறை செய்தவர்கள் 10.9% முன்னேறினார்கள். வெறும் பேலன்ஸ் பயிற்சி மட்டும் செய்தவர்களிடம் முன்னேற்றம் இல்லை. கவனம் கூர்மையானவர்களின் நடை வேகமும் கூடியிருந்தது. சாலையைக் கடக்கும் ஒருவருக்கு இது எவ்வளவு முக்கியம்!

நடனம்: எல்லாம் ஒன்றாக

அடுத்த அடி ஞாபகம் இருக்கணும், தாளம் தப்பக் கூடாது, பக்கத்தில் ஆடுபவரை இடிக்கக் கூடாது. நடனத்தில் உடம்போடு மூளையும் ஆடுகிறது. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 75 வயதைத் தாண்டிய 469 பேரைச் சில வருடங்கள் கவனித்த ஆய்வு 2003-ல் வெளியானது. அதில், உடல் சார்ந்த செயல்களில் நடனம் மட்டுமே குறைவான டிமென்ஷியா ஆபத்தோடு தொடர்புடையதாக இருந்தது. மூளை நன்றாக இருப்பவர்கள்தான் அதிகம் ஆடினார்களோ என்ற கேள்வியும் உண்டு. ஆனாலும், கும்மியும் கோலாட்டமும் தெரிந்த அம்மாவை ஆடச் சொல்வதில் நஷ்டம் ஒன்றுமில்லையே!

எல்லா ஆய்வும் 'ஆமாம்' சொல்கிறதா?

இல்லை. 2022-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 585 முதியவர்களிடம் உடற்பயிற்சியையும் மனதை ஒருமுகப்படுத்தும் பயிற்சியையும் சோதித்திருந்தார்கள். நினைவாற்றலிலோ, திட்டமிடும் திறனிலோ குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரியவில்லை. அதனால் "இதைச் செய்தால் மறதியே வராது" என்று யார் வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் நம்பாதீங்க. இதயம், சர்க்கரை, தூக்கம், கீழே விழாமல் இருப்பது என உடற்பயிற்சிக்கு வேறு உறுதியான பலன்கள் நிறைய உண்டு.

நீங்கள் என்ன செய்யலாம்?

* வாரம் 150 நிமிட மிதமான பயிற்சி, 2 நாள் தசைப் பயிற்சி, 65 வயதுக்கு மேல் 3 நாள் பேலன்ஸ் பயிற்சி. இது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

* ஜிம் வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் 10 முறை எழுவதே நல்ல தொடக்கம். அப்புறம் கையில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில்.

* பிபி, இதய நோய், மூட்டுவலி இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

* பழகிய தெருவிலேயே வழி தவறுவது, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது போன்றவை இருந்தால் தாமதிக்காதீர்கள். வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு, மனச்சோர்வு போன்ற, சிகிச்சை உள்ள காரணங்களும் மறதியைக் கொண்டுவரும்.

கடைசியாக ஒன்று. நாளைக்குக் காலையில் போனை வீட்டிலேயே வெச்சுட்டு, அப்பாவோடு ஒரு ரவுண்டு போங்க. நடந்துகொண்டே பேச்சுக் கொடுங்க. பதில் சொல்ல அவர் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறாரா? அப்படி நிற்கும் முதியவர்கள் அடுத்த 6 மாதங்களில் அதிகம் கீழே விழுந்ததாக 1997-லேயே ஒரு ஸ்வீடன் ஆய்வு சொன்னது. நடையும் கவனமும் அவ்வளவு நெருக்கம். அதைக் கவனிக்க, நீங்கள் பக்கத்தில் நடந்தால்தான் முடியும்.