உறைமோரும் உறைகுருதியும்

மெல்பேர்னில் ஒரு ஜூலை மாதக் காலை. மருத்துவரின் அறையில் தொலைபேசி ஒலிபெருக்கியில் இருக்கிறது. அங்கே அவரும் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவரும், இங்கே என் வீட்டு மேசையில் உரைபெயர்ப்பாளனாக நான். (ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) மருத்துவர் சொன்னதைச் சொன்னபடி தமிழாக்கினேன்: “அம்மா, உங்கட கெண்டைக்காலில ரத்தம் உறைஞ்சு போயிருக்கு.”

அவர் கொஞ்சமும் கலங்கவில்லை. “இந்தக் குளிருக்கு உறையாமல் என்ன செய்யும், தம்பி? தேங்காயெண்ணெயே போத்திலுக்குள்ள உறைஞ்சு கிடக்கு. சுடுதண்ணி ஒத்தடம் குடுத்து உருவிவிட்டால் இளகிப்போம்தானே?”

குற்றம் அவரிடம் இல்லை. நான் போட்ட சொல் அப்படிப்பட்டது. தமிழில் பனியும் உறைகிறது, நெய்யும் உறைகிறது, பாலும் உறைகிறது, குருதியும் உறைகிறது. வாளுறை, தலையணையுறை, உறைகிணறு என்பவை வேறு கிளைகள். நம் யாழ்ப்பாணத்துக் கறியின் உறைப்பு இன்னொன்று. அவற்றை விட்டுவிடலாம். சிக்கல் முதலில் சொன்ன நான்கில்தான். நெய்யும் தேங்காயெண்ணெயும் குளிரில் இறுகும், சூட்டில் இளகும். 24 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் தேங்காயெண்ணெய் கட்டியாகும் என்பதை இந்நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்திலேயே நாம் கற்றுக்கொள்கிறோம். பால் தயிராவது அந்த வகையன்று. தயிரை எவ்வளவு சூடாக்கினாலும் பால் கிடைக்காது, திரிந்துதான் போகும். குருதியின் உறைவு இந்த இரண்டாம் வகை. ஊரில் தயிர்ச்சட்டியோடு வாழ்ந்த சொல், இங்கே வந்து குளிரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

பழந்தமிழில் ‘உறை’ என்பதற்குப் பிரைமோர் என்ற பொருளும் உண்டு. புறநானூற்று 276ஆம் பாடலில் முதிர்ந்த தாய் ஒருத்தியின் மகன் வருகிறான். ஆயர்மகள் நகத்தால் தெறித்த சிறிது உறை ஒரு குடம் பாலை என்ன செய்யுமோ, அதை அவன் ஒருவனாகவே பகைவர் படைக்குச் செய்கிறான். மதுரைப் பூதன் இளநாகனார் அவனைப் படைக்கு வந்த நோய் என்றே சொல்கிறார். ஒரு துளி விழுந்ததும் ஓடிக்கொண்டிருந்தது முழுதும் நின்று கெட்டிப்படுவதை நோயோடு சேர்த்துப் பார்த்த அந்தக் கண்ணை நான் வியக்கிறேன்.

கிரேக்கரும் மாட்டுத்தொழுவத்திலிருந்துதான் புறப்பட்டார்கள். ‘திரோம்போஸ்’ என்பது கட்டி, திரளை. பாலைத் திரளச் செய்வதைக் குறித்த வினைச்சொல்லோடு அதை உறவாக்குவர் சொற்பிறப்பாளர். எஸ்கிலசின் நாடகம் ஒன்றில் அரசி காணும் கனவில், அவள் மார்பில் வாய்வைத்த பாம்பு பாலோடு குருதிக் கட்டியையும் உறிஞ்சும். அங்கே வருவது இதே சொல். ‘திரோம்போசிஸ்’ 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில அகராதிக்குள் நுழைந்தபோதும் குருதி உறைவதற்கும் தாய்ப்பால் மார்பில் கட்டிப்படுவதற்கும் பொதுவாகவே நின்றது. இலத்தீனில் ‘கோஆகுலம்’ என்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்துப் பாலில் இடும் உறை. 1872இல் அலெக்சாண்டர் ஷ்மிட் குருதியை உறையவைக்கும் பொருளைக் கண்டு சொன்னபோது அதற்கு இட்ட பெயர் ‘ஃபைப்ரின் நொதி’. பின்னாளில் அது திரோம்பின் ஆயிற்று. கன்றின் உறை பாற்புரதத்தின் ஒரு துண்டை நறுக்கிப் பாலைத் திரட்டுகிறது. திரோம்பின் குருதியிலுள்ள ஒரு புரதத்தை நறுக்கி நூல்நூலாக வலை பின்னுகிறது. நம் உறைமோர் புளிப்பால் வேலை செய்வது, அவ்வளவுதான் வேறுபாடு.

பாலைக் கைவிட்டு நோயை மட்டும் பிடித்துக்கொண்டவர் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் ஃபிர்கோ. உயிரோடிருப்பவரின் குழாய்க்குள்ளேயே குருதி உறைவதைத் திரோம்போசிஸ் என்றார். அது கழன்று ஓடி வேறிடத்தில் போய் அடைப்பதற்கு 1848இல் ‘எம்போலி’ என்று பெயரிட்டார். மூலச்சொல்லுக்கு அடைப்பான், முளை என்று பொருள். அதற்கு முன் ‘எம்போலிசம்’ நாட்காட்டிக்காரர் சொல்: ஆண்டுக்குள் செருகும் அதிகமாதம்! ஃபிர்கோ இதை எழுதிய காலத்தில்தான், 1847இல், அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணம் வந்திறங்கினார். பின்னாளில் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். தமிழில் மருத்துவம் சொல்லும் அத்தகைய முயற்சிகளில் நமக்குக் ‘குருதியுறைமை’, ‘தக்கையடைப்பு’ போன்ற சொற்கள் கிடைத்தன. போத்தலை அடைக்கும் தக்கை கிரேக்கரின் முளைக்குக் கச்சிதமான இணை. ஆனால் என்னிடம் பேசிய எந்த நோயாளியும் அதைச் சொன்னதில்லை.

2021இல் குருதி உறைவு என்ற பேச்சு எல்லார் வாயிலும் விழுந்தது. மெல்பேர்னின் பிராட்மெடோசில் தயாரான அஸ்ட்ராசெனகா கோவிட் தடுப்பூசியால் மிக அரிதாகக் குருதி உறையலாம் என்று ஏப்ரல் 8ஆம் நாள் நாட்டின் தடுப்பூசி ஆலோசனைக் குழு 50 வயதுக்கு உட்பட்டோருக்கு ஃபைசரைப் பரிந்துரைத்தது. ஜூன் 17இல் அந்த வரம்பு 60 ஆயிற்று. அந்நாட்களில் ‘ரத்தக்கட்டி’ என்றே பலரும் சொன்னார்கள். கட்டி என்றதும் புற்றுநோயோ என்று பயந்தவர்கள் உண்டு. ‘ரத்தக்கட்டு’ என்று காதில் வாங்கி, அடிபட்டுக் கன்றிப்போனதுபோல் என்று அலட்சியமாக விட்டவர்களும் உண்டு.

அந்த அம்மாவிடம் திரும்புவோம். உரைபெயர்ப்பாளர் தம் விளக்கத்தைத் தாமாகச் சேர்க்கக் கூடாது. ஆனால் இவர் காலை உருவப் போகிறார். கட்டி கழன்று நுரையீரலுக்குப் போனால் என்னாவது? சொல்லில் குழப்பம் இருக்கிறது என்று மருத்துவரிடம் சொல்லி, அனுமதி கேட்டு, மறுபடி சொன்னேன்: “குளிரில எண்ணெய் உறையிற மாதிரி இல்லையம்மா. பாலுக்கு உறை விட்டால் தயிராகிற மாதிரி. உருவக் கூடாது.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “தயிர் திரும்பப் பாலாகாதே, தம்பி?”

மருத்துவர் சொன்னார், நான் தமிழாக்கினேன்: மாத்திரை அதைக் கரைக்காது, மேலும் வளராமல் தடுக்கும். கரைக்கிற வேலையை உடம்பே மெல்ல மெல்லச் செய்யும். தயிர்ச்சட்டிக்கு அந்த வித்தை தெரியாது. என் உவமை அங்கே நின்றுவிட்டது.

“அப்ப நான் தயிர் சாப்பிடலாமோ எண்டு கேளுங்கோ” என்றார் அம்மா. கேட்டேன். மருத்துவர் சிரித்துவிட்டு, தாராளமாகச் சாப்பிடலாம் என்றார்.