ஊழிவெள்ளமும் உலகத்துப் பழங்கதைகளும்

உலகத்துத் தொன்மை வாய்ந்த மக்கட் கூட்டத்தார் பலரும், தங்கள் முன்னோர் தோன்றிய வரலாற்றைக் கூறுமிடத்து, அத்தோற்றத்திற்கு முன்னே ஓர் அழிவினைக் கூறுவர். அவ்வழிவு பெரும்பாலும் நீரினால் நிகழ்ந்ததாகவே சொல்லப்படும். பெருவெள்ளம் நிலமுழுதும் பரந்தது, உயிர்கள் மாண்டன, ஒருவனோ ஒரு குடும்பமோ தோணியேறித் தப்பியது, தோணி ஒரு மலையைச் சார்ந்தது, அங்கிருந்து மக்கட்குலம் மீண்டும் தழைத்தது. இதுவே அக்கதைகளிற் பெரும்பாலனவற்றின் பொதுவுருவமாம். இவ்வொற்றுமை கண்டு, ‘இவையனைத்தும் ஒரு மூலத்தினின்றும் கிளைத்தன’ என்பாரும், ‘உலகமுழுதும் ஒருகாலத்து மெய்யாகவே நீரில் ஆழ்ந்தது’ என்பாரும், ‘இவையெல்லாம் அறியாமையிற் பிறந்த பொய்கள்’ என்பாரும் என மூவகையார் உளர். அவர் கூற்றுக்கள் எத்துணைப் பொருந்தும் என்பதைக் கதைகளையே முன்வைத்து ஆராய்தல் தக்கது.

நினிவே நகரத்து மண்ணேடுகள்

யூப்பிரடீசு, தைகிரீசு என்னும் ஈராறுகளின் நாட்டில், அசீரியப் பேரரசின் தலைநகராய் விளங்கியது நினிவே. கி. மு. ஏழாம் நூற்றாண்டில் அதனை ஆண்ட அசூர்பானிபால் என்னும் மன்னன் தன் நாட்டுப் பழநூல்களையெல்லாம் களிமண் ஏடுகளிற் படியெடுப்பித்துத் தொகுத்து வைத்தான். கி. மு. 612-இல் நகரம் பகைவரால் அழிந்தது. ஏடுகள் இடிபாட்டினுட் புதைந்தன. கி. பி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் லேயார்டு என்பவரும், அவர்க்குத் துணையாயிருந்து பின் அப்பணியை மேற்கொண்ட ஹோர்முசுத் ரசாம் என்பவரும் அவற்றை அகழ்ந்தெடுத்து இலண்டன் மாநகரத்துப் பிரித்தானியப் பொருட்காட்சிச்சாலைக்கு அனுப்பினர்.

ஆண்டு பலவாக அவ்வேடுகள் படிப்பாரின்றிக் கிடந்தன. அவற்றைப் படித்தறிந்தவருட் சிறந்தவர் ஜார்ஜ் ஸ்மித் என்பவர். இவர் பல்கலைக்கழகம் புகுந்து கற்றவரல்லர். இளமையில் பணத்தாள் அச்சிடுதற்குரிய தகடுகளைச் செதுக்குந் தொழில் பயின்றவர். ஆப்பெழுத்தினைத் தம் முயற்சியாலேயே கற்றவர். 1872-ஆம் ஆண்டில் உடைந்த ஏடொன்றைப் படிக்கும்பொழுது, மலைமேற் தங்கிய மரக்கலத்தையும், அதினின்றும் விடப்பட்ட பறவையையும் பற்றிய செய்தியைக் கண்டார். அவ்வாண்டு டிசம்பர் 3-ஆம் நாள் கழகமொன்றில் அவர் அதனை வெளியிட்டபோது, முதலமைச்சராயிருந்த கிளாட்ஸ்டனும் அவைக்கண் இருந்து கேட்டனர். ‘டெய்லி டெலிகிராப்’ என்னும் செய்தித்தாள் பொருளுதவி செய்ய, ஸ்மித் 1873-இல் நினிவேக்குச் சென்று வெள்ளக் கதையின் மற்றொரு துண்டினையுங் கண்டெடுத்தார். மூன்றாம் முறை அந்நாடு சென்று மீளுங்கால், 1876-இல், நோயுற்று அலெப்போ நகரில் இறந்தார். அப்பொழுது அவர்க்கு வயது முப்பத்தாறே.

அவர் படித்த ஏடு, கில்காமேசு என்னும் அரசனைப் பற்றிய காவியத்தின் பதினோராம் ஏடாகும். சாவினை வெல்லும் வழியை நாடி அலைந்த அவ்வரசனுக்கு, சாவாமை பெற்ற உதநபிஷ்திம் என்னும் முதியோன் தன் வரலாற்றைக் கூறுகின்றான். தேவர்கள் மக்களை அழிக்க மறைவாகச் சூழ்ந்தனர். ஏயா என்னும் தேவன் மட்டும் நாணற் சுவரை விளித்துப் பேசுவான்போல அச்சூழ்ச்சியை வெளிப்படுத்தினான். சுவரின் அப்புறத்திருந்த அடியவன் அதனைக் கேட்டு மரக்கலஞ் சமைத்தான். ஆறு பகலும் ஏழிரவும் புயல் வீசிற்று. கலம் ஒரு மலையில் தட்டி நின்றது. ஏழாம் நாள் புறாவையும், அதன்பின் தகைவிலான் குருவியொன்றையும், இறுதியிற் காக்கையையும் விட்டான். முன்னிரண்டும் இடங்காணாது மீண்டன, காக்கை மீளவில்லை. பின் அவன் மலைமேல் வேள்வி செய்தான். பலியின்றிப் பசித்திருந்த தேவர் அதன் மணம் நுகர்ந்து சூழ்ந்தனர்.

இக்கதையினும் பழையது அத்ரஹசிஸ் என்னும் காவியம். கி. மு. பதினேழாம் நூற்றாண்டிலேயே எழுதப்பட்ட படிகள் இதற்கு உண்டு. தேவர்கள் ஆற்றுக்கால் தோண்டும் வேலையில் இளைத்து மறுத்தமையால், தேவனொருவனைக் கொன்று அவன் குருதியையுந் தசையையுங் களிமண்ணிற் பிசைந்து, அவ்வேலைக்கென மக்களைப் படைத்தனராம். மக்கள் பெருகினர், அவரெழுப்பிய ஆரவாரம் என்லில் என்னுந் தலைமைத் தேவனது உறக்கத்தைக் கெடுத்தது. அவன் நோயையும், வறட்சியையும், பஞ்சத்தையும் ஏவி, அவற்றால் இயலாமையின் இறுதியாக வெள்ளத்தை விடுத்தான். இதனினும் வேறாய்ச் சுமேரிய மொழியில், சியுசுத்ரா என்னும் அரசனைத் தலைவனாகக் கொண்ட வெள்ளக் கதை நிப்பூர் நகரில் கிடைத்த ஏடொன்றிற் காணப்பட்டு 1914-இல் வெளியாயிற்று. 2014-இல் வெளியிடப்பட்ட மற்றொரு பழைய பாபிலோனிய ஏடு, அக்கலம் பரிசல்போல் வட்டமாயிருந்ததெனக் கூறி, அதனைப் புரிக்கயிற்றாற் பின்னி நிலக்கீல் பூசும் முறையையும் விரித்துரைக்கின்றது. யூப்பிரடீசு ஆற்றிற் பரிசல் செலுத்தியோர் நாட்டில் கதையின் தோணியும் பரிசலாயது இயல்பேயாம்.

எபிரேயர் கதை

விவிலியத்தின் முதனூலாகிய ஆதியாகமத்தில் நோவாவின் வரலாறு உளது. அவன் சமைத்த பேழை முந்நூறு முழ நீளமும், ஐம்பது முழ அகலமும், முப்பது முழ உயரமும் உடையது. காக்கையும் புறாவும் விடப்படுகின்றன, புறா ஒலிவ இலையைக் கொணர்கின்றது, பேழை அரராத்து மலையிற் தங்குகின்றது, நோவா பலியிடுகின்றான், இறைவன் அதன் மணத்தை ஏற்கின்றான். பறவை விடுதலும், மலைமேற் பலியிடுதலும், பலிமணம் ஏற்றலும் ஆகிய நுண்செய்திகள் ஒரே நிரலில் இரு கதைகளிலும் அமைந்திருத்தல் தற்செயலாக நிகழ்வதன்று. கில்காமேசு காவியத்தின் துண்டொன்று பலத்தீன நாட்டு மெகிதோ நகரிற் கண்டெடுக்கப்பட்டமையால், எபிரேய நூல்கள் எழுதப்படுதற்குப் பல நூற்றாண்டு முன்னரே பாபிலோனிய இலக்கியம் அந்நாட்டிற் பயின்றமை தெளிவாகின்றது. கி. மு. ஆறாம் நூற்றாண்டில் யூதர் பலர் பாபிலோனில் சிறையிருந்ததும் ஈண்டு நினைக்கத்தக்கது.

அற்றேல், நோவாவின் கதை வெறும் படிதானோ எனின், அன்று. பாபிலோனியக் கதையில் அழிவிற்குக் காரணம் மக்களின் ஆரவாரம். எபிரேயக் கதையில் அவர்தம் கொடுமை. அங்கே தேவர் பலர், தம்முள் மாறுபட்டு, வெள்ளங் கண்டு தாமே நடுங்கி, பலியில்லாமையாற் பசியால் வாடுவர். இங்கே கடவுள் ஒருவனே, அவன் பசித்தலும் அஞ்சுதலும் இலன். அங்கே தப்பியவன் சாவாமை பெறுகின்றான். இங்கே தப்பியவன் ஏனை மக்கள்போல் இறக்கின்றான், ஆயின் இனி வெள்ளத்தால் உலகை அழியேன் என்னும் உறுதிமொழி எல்லா உயிர்க்கும் வானவில்லை அடையாளமாகக் கொண்டு அளிக்கப்படுகின்றது. கதையின் உடல் கடன்வாங்கியதாயினும், அதனுள் நின்ற உயிர் எபிரேயருடையதே என்க.

பிறநாட்டுக் கதைகள்

கிரேக்க நாட்டில், பிரமீதியசு என்பானுடைய மகன் தியூகலியனும் அவன் மனைவி பிர்ராவும் மரப்பேழையில் தப்பினர் என்ப. வெள்ளம் வடிந்தபின், தாயின் எலும்புகளைப் பின்னே எறிக என்னும் தெய்வவாக்குக் கேட்டு, நிலமே தாயென்றும் கற்களே எலும்பென்றும் தெளிந்து அவர் எறிய, அக்கற்கள் ஆடவரும் பெண்டிருமாயின. கிரேக்க மொழியிற் கல்லைக் குறிக்குஞ் சொல்லும் மக்களைக் குறிக்குஞ் சொல்லும் ஒலியால் நெருங்கியவை. அவ்வொலி ஒப்புமையே கதையின் இப்பகுதிக்கு வேராயிற்று.

சீனநாட்டுக் கதை இவற்றினின்றும் பெரிதும் வேறுபட்டது. ஆங்கே வெள்ளம் மக்கட்கு விதித்த தண்டமன்று, தோணியேறித் தப்பியோருமில்லை. கூன் என்பான் கரையெழுப்பித் தடுக்க முயன்று தோற்றான். அவன் மகன் யூ என்பான் கால்வாய்கள் வெட்டி நீரைக் கடலிற் செலுத்தினான். அப்பணியில் மும்முறை தன் வீட்டு வாயிலைக் கடந்தும் உட்புகாதவன் என்று அவனைப் புகழ்வர். அவனே சியா என்னும் அரசமரபின் முதல்வனாகக் கூறப்படுகின்றான். உழைப்பினால் வெள்ளத்தை வென்றவனே அரசாளத் தக்கவன் என்பது அக்கதையின் கருத்து.

எகிப்து நாட்டிலோ வெள்ளத்தால் உலகழிந்த கதை சிறப்பாக வழங்கவில்லை. ஆண்டுதோறும் நீலநதி பெருகுதலே அந்நாட்டிற்கு உணவு; அஃது அழிவாக எண்ணப்படாமை இயல்பே. அவர்தம் அழிவுக்கதையில் மக்களைக் கொல்ல வருபவள் சூரியதேவன் ஏவிய பெண்தெய்வம். செந்நிறமூட்டிய கள்ளைக் குருதியென்று பருகி மயங்கி அவள் தன் தொழில் மறந்தாள் என்ப. ஆகவே, வெள்ளக் கதை எல்லா நாட்டிற்கும் ஒருதன்மைத்தாய் உரியதென்பதும், அதனால் உலகமுழுதும் ஒருங்கே நீரில் ஆழ்ந்ததென்பதும் பொருந்தாவாயின.

நிலவகழ்வும் இதனையே காட்டுகின்றது. 1929-இல் ஊர் என்னும் பழைய நகரில் அகழ்ந்த உல்லி என்பவர், எட்டடிக்கு மேற்பட்ட வண்டற்படிவு கண்டு, அதுவே அப்பெருவெள்ளத்தின் சான்று என்றனர். கீசு, சுருப்பாக்கு முதலிய நகரங்களிலும் படிவுகள் காணப்பட்டன. ஆயின் அவை ஒரே காலத்தனவல்ல. ஊருக்கு அண்மையிலுள்ள எரிதுவில் அத்தகைய படிவே இல்லை. ஆறுகள் பலகாற் பெருகிப் பல ஊர்களை அழித்தன. அந்நினைவே ஒன்றாய்த் திரண்டு கதையாயிற்று எனக் கோடலே அமைவுடைத்து.

பாரத நாட்டுக் கதைகள்

வடமொழியில் இக்கதை முதலிற் காணப்படுவது சதபத பிராமணத்தில். மனு கைகழுவும் நீரில் வந்த சிறுமீன் தன்னை வளர்க்குமாறு வேண்டி, வளர்ந்தபின் வெள்ளத்தை முன்னறிவித்து, தன் கொம்பிற் கட்டிய கயிற்றால் அவன் மரக்கலத்தை வடமலைக்கு ஈர்த்துச் சென்றது. மனு நீரிற் செய்த வேள்வியினின்றும் இடை என்னும் பெண் தோன்ற, அவளால் மக்கட்குலம் பெருகிற்று. அந்நூலில் மீன் இன்ன தெய்வமெனக் கூறப்படவில்லை. மாபாரதத்தில் அது பிரமனாகவும், புராணங்களில் திருமாலாகவும் கூறப்படும். பாகவதம் தப்பியவனைத் திராவிட நாட்டரசன் சத்தியவிரதன் என்றும், மீன் கிருதமாலை ஆற்றில் வந்ததென்றும் கூறும். கிருதமாலை வையையென்பது மரபு. வடமலையின் கதை தென்னாட்டு ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தமை, கதைகள் செல்லுமிடந்தோறும் அவ்விடத்து மண்ணை ஏற்கும் என்பதற்குத் தக்க சான்றாம்.

தோணிபுரத்தின் தனித்தன்மை

இனி, சீகாழிப்பதியின் பன்னிரு திருப்பெயர்களுள் தோணிபுரம் ஒன்று. ஊழிக்காலத்தில் இறைவன் அறுபத்துநான்கு கலைகளையும் ஆடையாக உடுத்து, உமையம்மையோடு பிரணவமாகிய தோணியில் எழுந்தருளினன் என்பது தலவரலாறு. கடல்கொண்ட காலத்து அவ்வூர் மிதந்தமையை ஏழாம் நூற்றாண்டினராகிய திருஞானசம்பந்தர் தம் பதிகங்களிற் பாராட்டியிருத்தலின், இவ்வரலாறு அவர் காலத்திற்கு முன்னரே நிலைபெற்றதாகும். தோணி உண்மை ஒன்றே கொண்டு இதனை நோவாவின் கதையோடு இணைத்தல் பொருந்தாது. அக்கதைகளிலெல்லாம் தோணியிலிருப்பவன் தப்பிய மனிதன். ஈண்டு இருப்பவன் ஒடுக்குதற்குரிய இறைவனே. தப்பினோர் எவருமிலர், பறவையில்லை, பலியில்லை. எல்லாம் ஒடுங்கியவிடத்தும் ஒடுங்காது நிற்கும் முதல்வன் ஒருவன் உளன் என்பதும், ஒடுக்கியவனே மீளத் தோற்றுவிப்பான் என்பதுமே இதன் பொருள். சித்தாந்தம் சங்காரத்தைச் சினத்தின் செயலாகக் கொள்ளாது, பிறந்திறந்து இளைத்த உயிர்கட்கு இளைப்பாற்றும் அருளாகவே கொள்ளும். அக்கொள்கை இத்தலவரலாற்றில் உருப்பெற்று நிற்கின்றது.

ஸ்மித் வெளியிட்ட செய்தி கேட்டு, ‘விவிலியம் மெய்யென நிலைபெற்றது’ என்றனர் சிலர்; ‘விவிலியம் படியெடுத்தது; ஆகவே பொய்’ என்றனர் வேறு சிலர். இருசாராரும் ஒரே பிழையைச் செய்தனர். கதையின் முதுமையை அதன் மெய்ம்மைக்கு அளவுகோலாக்கினமையே அப்பிழை. அதற்குப் பதினெட்டாண்டு முன்னர், 1854-இல், யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரவர்கள் சைவதூஷணபரிகாரம் இயற்றியபொழுது, சைவக் கிரியைகளை இகழ்ந்த பாதிரிமார்க்கு அவர்தம் வேதத்திலுள்ள ஒப்புமைகளையே எடுத்துக் காட்டினர். பிறர் நூலை நன்கு கற்றே விடை கூறவேண்டும் என்னும் அம்முறை இன்றும் போற்றத்தக்கது. ஆதலின், உலகத்து வெள்ளக் கதையெல்லாம் நம்மிடமிருந்தே சென்றன எனச் சான்றின்றிக் கூறுதலும், தலவரலாற்றை நிலநூற் சான்றாகக் கொண்டு ஊர்க்கு ஆண்டு கணித்தலும் சைவநன்மக்கட்கு வேண்டாதன. அங்ஙனங் கூறின், அகழ்ந்தெடுக்கும் அடுத்த ஏடொன்றே நம் கூற்றை அழிக்கும். சீகாழித் திருக்கோயிலிற் படியேறிச் சென்று தோணியப்பரையும் அம்மையையும் வழிபடும் அன்பர்க்கு வேண்டப்படுவது ஊழி எந்த ஆண்டில் வந்தது என்னும் கணக்கன்று. தம் உடலும் உலகும் ஒடுங்குங்கால் பற்றுதற்குரிய பொருள் எது என்னும் தெளிவேயாம்.