அடுப்பும் இல்லறமும்: மட்டக்களப்பு வாவிக்கரையில் வெம்மையின் விலை

வைகாசித் திங்களில் கண்ணகையம்மன் ஆலயங்கள் தோறும் திருக்குளிர்த்தி நிகழும் நாடு மட்டக்களப்பு. வெம்மை தணிந்து குளிர்மை பரவுவதையே பேறாக வேண்டிநிற்கும் இம்மக்களிடையே, வெம்மைக்காகும் செலவு பற்றிக் கணவனும் மனைவியும் முரண்படுவர் என்பது வியப்பாகத் தோன்றலாம். 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர் மேலைநாடுகளில் வீட்டை எவ்வளவு சூடாக வைத்திருப்பது என்பது அரசியல் வினாவாயிற்று. 1977 பெப்ரவரி 2ஆந் திகதி அமெரிக்க ஜனாதிபதி கார்ட்டர், வீடுகளைப் பகலில் 65 பாகை பரனைற்றிலும் இரவில் 55 பாகையிலும் வைத்திருக்குமாறு தம் மக்களை வேண்டினார். அங்கு சுவரிலுள்ள கருவி பெற்ற இடத்தை இங்கு அடுப்பு பெறுகின்றது. ஆதலின் நம்மவர் இல்லறப் பூசலை அடுப்பிலிருந்தே ஆராய்தல் பொருத்தமாகும்.

வாவிக்கரையின் மாரி கடுங்குளிர் உடையதன்று. தை மாதத்து அதிகாலையிலும் வெப்பநிலை ஏறக்குறைய 23 பாகை செல்சியஸ் அளவிலேயே நிற்கும். எனினும் வடகீழ்ப் பருவக்காற்று வீசும் ஐப்பசி முதல் தை வரையான காலத்தில் ஆண்டு மழையின் பெரும்பகுதி பொழிந்துவிடுகின்றது. கூரை ஒழுகும், தரை ஈரமுறும், உடை உலராது, விறகும் நனையும். பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீரும், முதியோருக்குச் சுடுகஞ்சியும் வேண்டப்படுவது அப்போதுதான். எரிபொருள் மிகுதியாகத் தேவைப்படும் காலமும் அது கிடைத்தற்கரிய காலமும் ஒன்றாக அமைந்ததே இங்குள்ள முரண்பாட்டின் இயற்கை அடிப்படை எனலாம்.

சமூக அடிப்படை இன்னும் நுட்பமானது. தாய்வழி உரிமையைப் போற்றிய முக்குவர் வழமை, 1876ஆம் ஆண்டின் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின் பின்னர் நீதிமன்றங்களில் செல்வாக்கிழந்தது. ஆயினும் வீட்டையும் வளவையும் மகளுக்குச் சீதனமாக அளிக்கும் வழக்கம் நிலைத்தது. மணமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்பவன். வீடு அவளுடையது, அடுப்பும் அவளுடையது. ஆனால் சந்தைக்குச் செல்லும் பணம் பெரும்பாலும் அவன் கையில். உடைமையும் பணமும் இவ்வாறு இரு கைகளிற் பிரிந்திருக்கும் இல்லத்தில், எரிபொருட் செலவு வெறும் கணக்காக இருத்தல் அரிது.

முன்னாளில் இப்பிளவு வெளித்தோன்றவில்லை. வளவிலே தென்னை தந்த மட்டை, பாளை, சிரட்டை, ஓலை ஆகியவற்றோடு, படுவான்கரைக் காடுகளின் விறகும் அடுப்பை எரித்தன. இவற்றுட் பல காசின்றிக் கிடைத்தன. அதாவது, பொறுக்குதல், உலர்த்துதல், அடுக்குதல் ஆகிய உழைப்பு விலையிடப்படவில்லை. 1978 நவம்பர் 23ஆந் திகதியின் சூறாவளி தென்னைகளைப் பெருந்தொகையாக வீழ்த்திற்று. பின்னர் நேர்ந்த போர் எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையிலான போக்குவரத்தை நெடுங்காலம் இடருறச் செய்தது. காசில்லா எரிபொருளின் எல்லை குறுகக் குறுக, மண்ணெண்ணெயும் எரிவாயுவும் மின்சாரமும் இல்லத்தினுட் புகுந்தன. ஆயினும் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது இலங்கைக் குடும்பங்களில் ஏறக்குறைய 78 சதவீதம் விறகிலேயே சமைத்தன.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இம்முரண்பாட்டை முற்றாக வெளிப்படுத்தியது. 2021இல் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவாயிற்று. அவ்வாண்டு ஓகத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. மின்கட்டணமும் சராசரியாக 75 சதவீதம் உயர்ந்தது. சிலிண்டர் மூலையில் ஒதுங்க, விறகடுப்பு மீண்டும் மூட்டப்பட்டது. அம்மாரியில் எங்கள் அயல்வீட்டில் எழுந்த வாக்குவாதமொன்று நினைவில் நிற்கின்றது. "கொள்ளிக்கென்ன காசா?" என்றார் கணவர். "காசில்லதான், என்ட கண்ணும் நெஞ்சும் காசில்லாமலா வந்தது?" என்றார் மனைவி.

இவ்விரு வாக்கியங்களும் இரு கணக்குமுறைகளாகும். கணவரின் கணக்கிற் பணம் மட்டுமே செலவு. மனைவியின் கணக்கிலோ நேரமும், ஈரவிறகை ஊதும் மூச்சும், கண்ணெரிச்சலும் செலவாகின்றன. முன்னவரைக் கொடியவர் என்று கொள்ளல் தகாது. நாட்கூலியில் வாழ்பவருக்கு 4,860 ரூபா பல நாளுழைப்பு. ஆனால் வறுமை இருவர்க்கும் பொதுவாயினும் அதன் புகை ஒருவர்க்கே உரித்தாவது ஏன் என்ற வினா எஞ்சுகின்றது. வீட்டுரிமை பெண்ணிடம் இருத்தல் அவளுக்குப் பாதுகாப்பைத் தருகின்றது. அவளது உழைப்புக்கு மதிப்பைத் தானாகவே தந்துவிடுவதில்லை. தாய்வழிச் சமூகம் என்று பெருமை பேசும் நாம் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

நெருக்கடி கடல் கடந்தும் ஒத்தே நிகழ்ந்தது. 2022 ஒக்டோபரில் பிரித்தானிய அரசு, சராசரி வீடொன்றின் ஆண்டு எரிசக்திக் கட்டணம் 2,500 பவுணளவில் அமையுமாறு அலகுவிலைகளுக்கு வரம்பிட்டது. அங்கு குடியேறிய நம்மவர் இல்லங்களிலும் வெப்பமூட்டுதல் எண்ணிச் செய்யும் செலவாயிற்று. ஆனால் அங்கு குளிர் வீட்டிலுள்ள அனைவரையும் தீண்டும். இங்கு புகை சமைப்பவளையே முதலிற் சூழும்.

எனவே வாவிக்கரையின் எரிபொருட் பூசலைக் குணபேதத்தால் விளைந்த சிறு சச்சரவென ஒதுக்குதல் வரலாற்று நோக்காகாது. எவருடைய செலவு செலவாக எண்ணப்படுகின்றது என்பதே அதன் உள்ளுறை. அரசர்களையும் ஆலயங்களையும் எழுதிய நம் பிரதேச வரலாறு, அடுப்பங்கரையையும் எழுதப் புகுங்காலை, அக்கணக்கின் மறுபாதியும் பதிவுபெறும்.