வேற்று மண்ணில் எழுந்த வழிபாடு

பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பு நாடிச் செல்லும் மக்கள் தம்முடன் எடுத்துச் செல்லும் பொருள்கள் மிகச் சிலவே. ஆயினும், கண்ணுக்குப் புலப்படாத இரண்டு உடைமைகளை அவர்கள் எந்த நாட்டுக்குச் சென்றாலும் கைவிடுவதில்லை. ஒன்று தாய்மொழி, மற்றொன்று தெய்வ வழிபாடு. இவ்விரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. ஏனெனில், மனிதன் சந்தையில் எந்த மொழியைப் பேசினாலும், துயரம் வந்து இறைவனை அழைக்கும்போது தாய் கற்பித்த மொழியிலேயே அழைக்கிறான்.

தமிழகத்தின் எல்லையைக் கடந்து வாழும் தமிழ் மக்களுக்கு இவ்வுண்மையை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. ஆனால் இவ்வுண்மையிலிருந்து எழும் வினா ஒன்று உண்டு. வேற்று மண்ணில் நம் மொழியில் நாம் நடத்தும் வழிபாடு, நம்மை அந்த மண்ணின் மக்களோடு இணைக்கும் வாயிலாக அமைகின்றதா? அல்லது அவர்களிடமிருந்து நம்மைப் பிரிக்கும் வேலியாக நின்றுவிடுகின்றதா? இவ்வினாவைப் பெங்களூரில் வாழ்ந்த கிறித்தவத் திருச்சபைகளின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வது பயனுடையது. எம்மதத்தைச் சார்ந்தவர்க்கும் அவ்வரலாற்றில் கற்கத்தக்க செய்தி உண்டு.

முதலில், வழிபாட்டைப் பற்றியும் திருச்சபையின் பணியைப் பற்றியும் விவிலியம் வகுக்கும் நெறிகள் யாவை என்று காண்போம். சமாரியப் பெண் ஒருத்தி கிணற்றங்கரையில் இயேசுவிடம், வழிபடத்தக்க இடம் எங்கள் மலையா, உங்கள் எருசலேமா என்று கேட்கிறாள். இடம் பெரிதன்று, உள்ளத்தின் உண்மையே பெரிது என்பது அவர் விடையின் சாரம். இது முதல் நெறி. கொரிந்து நகரத்துச் சபைக்கு எழுதிய திருமுகத்தில் பவுலடிகள், கேட்போர்க்கு விளங்காத பல்லாயிரம் சொற்களைக் காட்டிலும் விளங்கும் சில சொற்களே மேலானவை என்று வற்புறுத்துகிறார். இது இரண்டாம் நெறி. நீதி இல்லாத இடத்தில் எழும் பாடலும் பலியும் இறைவனுக்கு வெறுப்பையே தரும் என்று ஆமோஸ் இடித்துரைக்கிறார். இது மூன்றாவது.

இவற்றோடு மற்றொன்றும் உண்டு. அந்தியோகியாவிலே பல நாட்டவர் கூடி வழிபட்டுக்கொண்டிருந்தபோதுதான் பர்னபாவும் பவுலும் வெளிநாட்டுப் பணிக்கு அனுப்பப்பட்டார்கள் என்று திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. அஃதாவது, உண்மையான வழிபாடு மனிதனைக் கோயிலுக்குள் அடைத்து வைப்பதில்லை. கதவைத் திறந்து அயலாரிடம் அனுப்புகிறது. வழிபாடும் பணியும் மூச்சை இழுப்பதும் விடுவதும் போன்றவை. ஒன்று நின்றால் மற்றொன்றும் நிற்கும்.

விளங்கும் மொழியில் வழிபடுதல் என்னும் நெறி தமிழகத்தில் நெடிய வரலாறு உடையது. அண்டிரிக்கு அடிகள் தமிழாக்கிய தம்பிரான் வணக்கம் 1578ஆம் ஆண்டில் கொல்லத்தில் தமிழெழுத்தில் அச்சேறியது. 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, மணலில் விரலால் எழுதிப் பழகும் சிறுவர்களோடு அமர்ந்து தமிழ் கற்றார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715ஆம் ஆண்டில் அச்சாகி முடிந்தது. எனினும், மொழிபெயர்ப்பு மட்டும் உள்ளத்தைத் தொடாது, இசையும் வேண்டும். அக்குறையைப் போக்கியவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். 1774 முதல் 1864 வரை வாழ்ந்த அப்பெருமகனார், நம் நாட்டு இராகத்திலும் தாளத்திலும் கீர்த்தனைகளை இயற்றினார். மேனாட்டு மெட்டில் ஒலித்த ஞானப்பாட்டுகளுக்கு இணையாகத் தமிழ்க் கீர்த்தனையும் கோயிலுக்குள் இடம் பெற்றது.

இனிப் பெங்களூருக்கு வருவோம். இன்று சிவாஜி நகர் என வழங்கும் பகுதி முன்னாளில் பிளாக்பள்ளி எனப்பட்டது. அங்கு நிற்கும் தூய மரியன்னை பேராலயத்தின் தொடக்கத்தை, செஞ்சிப் பகுதியிலிருந்து குடிபெயர்ந்து வந்த தமிழ்க் கிறித்தவர்கள் எழுப்பிய காணிக்கை மாதாவின் சிறு கோயில் என்று அவ்வாலய வரலாறு கூறுகிறது. 1818ஆம் ஆண்டில் துபுவா அடிகள் அங்கு ஒரு சிறு கோயிலை அமைத்தார். இப்போது காணும் உயர்ந்த கோபுரமுடைய ஆலயம் 1882ஆம் ஆண்டில் அருட்பொழிவு பெற்றது. பின்னர் 1970களில் பேராலயம் என்னும் தகுதியையும் அடைந்தது. செப்டம்பர் எட்டாம் நாள் திருவிழாவில், சேலை உடுத்திய மாதாவின் திருவுருவத்தைக் காண எல்லா மதத்தினரும் எல்லா மொழியினரும் திரள்கின்றனர். குடியேறியவர்கள் தமக்கென எழுப்பிய சிறு கோயில், காலப்போக்கில் நகரத்தார் அனைவர்க்கும் உரிய கோயிலாக மலர்ந்தது.

1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு மாற்றப்பட்டு, தண்டு எனப்படும் கண்டோன்மெண்டு உருவாயிற்று. சிப்பாய்களாகவும் வணிகர்களாகவும் கொத்தர்களாகவும் சமையற்காரர்களாகவும் தமிழ் மக்கள் அங்குக் குடியேறினர். பேட்டைப் பகுதியில் கன்னடம் ஒலிக்க, தண்டுப் பகுதியில் தமிழ் ஒலித்தது. 1820களில் லண்டன் மிஷன் சங்கத்தின் சார்பில் அங்கு ஊழியம் செய்தவர்களுள் சாமுவேல் ஃபிளேவல் என்னும் தமிழரும் ஒருவர். அவர் தண்டில் வாழ்ந்த தமிழரிடையே பணியாற்றியதோடு நில்லாமல், பின்னர்ப் பெல்லாரிக்கும் சென்று உழைத்தார். ஊர் விட்டு ஊர் வந்த தமிழர் போதனையைக் கேட்டவர்களாக மட்டும் இருக்கவில்லை. அதை எடுத்துச் சென்றவர்களாகவும் இருந்தனர் என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று.

இவ்வகையில் சிறந்து விளங்கியவர் பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில் பிறந்த இவர், 1903ஆம் ஆண்டில் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் தோன்றுவதற்கு முன்னின்று உழைத்தார். மேனாட்டாரின் பொருளை எதிர்பாராமல், நம் மக்களின் காணிக்கையைக் கொண்டு நம் மக்களே பணிபுரிய வேண்டும் என்பது அச்சங்கத்தின் கொள்கை. அவர் வாளாவிருந்து பிறரை அனுப்பவில்லை. தாமே தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கல்லுக்குச் சென்றார். தெலுங்கு மொழியைக் கற்றார். 1912ஆம் ஆண்டில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். 1910ஆம் ஆண்டு எடின்பரோ மாநாட்டில், மேனாட்டு ஊழியர்களின் ஈகையைப் போற்றியபின், எங்களுக்கு நட்பையும் தாருங்கள் என்று அவர் விடுத்த வேண்டுகோள் உலகறிந்தது. அவர் எழுப்பி 1939ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற தோர்ணக்கல் பேராலயத்தில், இந்தியக் கோயில் தூண்களும் இஸ்லாமியக் கட்டடக்கலையின் சாயலும் ஒருங்கே விளங்குகின்றன. வேற்று மொழி மக்களிடம் சென்ற தமிழர் ஒருவர், தம் ஊர்க் கோயிலின் படியை அங்கே நிறுவாமல், அந்த மண்ணின் வடிவிலேயே வழிபாட்டை எழுப்பினார் என்பது நாம் கருதற்பாலது.

1919ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் கூடிய இந்திய ஊழியர்கள், பிரிந்து கிடக்கும் சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அறிக்கை விடுத்தனர். அம்முயற்சியிலும் அசரியா முன்னின்றார். பிளவுபட்ட சபை ஒற்றுமையைப் போதிக்க இயலாது என்பதே அவர்களது வாதம். ஏறத்தாழ இருபத்தெட்டு ஆண்டுகள் நடந்த ஆலோசனையின் பயனாக, 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் சென்னைத் தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய நான்கு மொழியினரும் ஒரே திருச்சபையின் குடையின்கீழ் வந்தனர். அந்நாளைக் காண அசரியா இல்லை. 1945ஆம் ஆண்டின் முதல் நாளே அவர் மறைந்தார்.

ஒன்றுபட்ட திருச்சபைக்கு ஒன்றுபட்ட வழிபாட்டு முறை வேண்டுமன்றோ? 1950ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் திருவிருந்து ஆராதனை முறை, மேனாட்டுத் திருச்சபைகளும் வியந்து கற்ற முறையாயிற்று. குருவானவர் மக்களுக்கு முதுகைக் காட்டாமல், மேசைக்குப் பின்னே நின்று மக்களை நோக்கி நடத்துகிறார். கேரளச் சிரியன் மரபிலிருந்து எடுத்த சமாதான வாழ்த்து, கையோடு கை சேர்த்து வரிசை வரிசையாக மக்கள் நடுவே செல்கிறது. பக்கத்தில் நிற்பவர் எந்தச் சாதியினர், எந்த மொழியினர் என்று பாராமல் கை நீட்டினாலன்றி அந்த வாழ்த்து நகராது. பவுலடிகளும் ஆமோஸும் சொன்ன நெறிகளை ஒரு கைச்செய்கையில் அடக்கிய அமைப்பு இது. 1910ஆம் ஆண்டில் பல மிஷன்கள் கூடிப் பெங்களூரில் நிறுவிய ஐக்கிய இறையியல் கல்லூரி, பல சபைகளைச் சார்ந்த மாணவர்கள் ஒன்றாகக் கற்று ஒன்றாக வழிபடும் இடமாக இருந்து, இத்தகைய ஒருமைக்கு நிலத்தைப் பண்படுத்தியது.

கத்தோலிக்கத் திருச்சபையிலோ, திருப்பலி நெடுங்காலம் இலத்தீன் மொழியிலேயே நடந்து வந்தது. 1962 முதல் 1965 வரை உரோமையில் நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம், மக்கள் மொழியில் வழிபாடு நடத்த வழி திறந்தது. அவ்வமயம் பெங்களூரில் இரண்டு தமிழர், அதிலும் தென்னார்க்காட்டுக் கல்லேரியில் பிறந்த உடன்பிறந்தார் இருவர், பெரும்பொறுப்பில் இருந்தனர். மூத்தவரான சைமன் லூர்துசாமி 1968 முதல் 1971 வரை பெங்களூர்ப் பேராயர். பின்னாளில் கர்தினால் ஆனவர். இளையவரான அமலோற்பவதாஸ் அடிகள், 1967ஆம் ஆண்டில் பெங்களூரில் தொடங்கிய தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு நடுநிலையத்தின் முதல் இயக்குநர். தரையில் அமர்தல், கைகூப்பி வணங்குதல், மிதியடியைக் கழற்றுதல், குத்துவிளக்கு ஏற்றுதல், ஆரத்தி எடுத்தல் முதலிய பன்னிரண்டு மாற்றங்களுக்கு 1969ஆம் ஆண்டில் உரோமை இசைவு தந்தது. அவற்றை நாடெங்கும் விளக்கிப் பரப்பியதில் அடிகளுக்குப் பெரும்பங்கு உண்டு.

இம்மாற்றங்களை எல்லோரும் வரவேற்றார்கள் என்று சொல்ல இயலாது. இது பிறசமயச் சடங்கு என்று சிலர் மறுத்தனர். வேறு சிலரோ, இந்தியப் பண்பாடு என்று நீங்கள் கொணர்வது மேற்சாதியாரின் பண்பாடேயன்றி எங்கள் பண்பாடு அன்று என்றனர். இந்த இரண்டாவது வினா ஆழமானது. மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றி 2005ஆம் ஆண்டில் மறைந்த தியோபிலஸ் அப்பாவு, நாட்டுப்புற மெட்டையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொணர்ந்து அதற்கு விடை கண்டார். ஒரே உலையில் பொங்கி ஒன்றாக உண்பதே திருவிருந்தின் பொருள் என்பது அவர் போதனை. விளங்கும் மொழி என்பது சொல்லை மட்டும் குறிப்பதன்று. ஒடுக்கப்பட்டவனின் தாளத்தையும் குறிப்பது என்று அவர் வழிபாடு உணர்த்தியது.

மக்கள் மொழிக்குக் கதவு திறந்தபின், பெங்களூரில் மற்றொரு சிக்கல் எழுந்தது. எம்மக்களின் மொழியில் என்ற கேள்வியே அது. இது கன்னட நாடு. இங்கே வழிபாட்டில் கன்னடம் தலைமை பெற வேண்டும் என்று கன்னடக் கத்தோலிக்கர் கோரினர். தலைமுறை தலைமுறையாக இங்கு வாழ்ந்து கோயில்களை எழுப்பிய நாங்கள் எங்கள் மொழியில் வழிபடக் கூடாதா என்று தமிழர் கேட்டனர். 1970களிலிருந்து பல ஆண்டுகள் இப்பூசல் நீடித்து, சில வேளைகளில் கோயில் வாயிலிலேயே அமைதி குலைந்தது. இரு தரப்பினர் கேள்வியிலும் நியாயம் உண்டு. தம் சொந்த மண்ணிலேயே தம் மொழி பின்தள்ளப்படுவதாக ஒருவர் வருந்துவது இயல்பு. தாய்மொழியில் செபிக்கும் உரிமையை இழக்க மற்றவர் அஞ்சுவதும் இயல்பு. ஒரே ஆலயத்தில் வெவ்வேறு வேளைகளில் கன்னடத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் திருப்பலி நடைபெறுவது, நடைமுறை கண்ட வழி. ஆனால் வேளையைப் பங்கிடுவதால் உள்ளங்கள் கூடிவிடுவதில்லை.

இந்த இடத்தில் மீண்டும் விவிலியத்தை நோக்குவோம். பாபிலோனுக்குச் சிறையாகச் சென்ற யூத மக்களுக்கு எரேமியா ஒரு திருமுகம் எழுதுகிறார். அங்கே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், நீங்கள் வாழும் நகரத்தின் நலத்தை நாடி அதற்காக மன்றாடுங்கள் என்பது அதன் கருத்து. தம் இறைவனையும் தம் வழிபாட்டையும் மறக்கும்படி அவர் சொல்லவில்லை. ஆனால் அயலூரின் நலமே உங்கள் நலம் என்று அறிவுறுத்துகிறார். பெந்தெகொஸ்தே நாளிலும் எல்லோரும் ஒரே மொழி பேசியதாக நூல் கூறவில்லை. அவரவர் தத்தம் மொழியில் கேட்டனர் என்றே கூறுகிறது. மொழிகள் அழியவில்லை, பகைமை அழிந்தது.

இக்கருத்தை நம் நாட்டு வாழ்வோடு பொருத்திக் காட்டியவர், சென்னையில் பிறந்த பால் தேவனந்தன். 1957ஆம் ஆண்டில் பெங்களூரில் தொடங்கிய சமய, சமுதாய ஆராய்ச்சிக்கான கிறித்தவ நிலையத்தை, 1962இல் மறையும்வரை அவர் நடத்தினார். திருச்சபையின் பணி தன் எண்ணிக்கையைப் பெருக்குவதோடு முடிவதன்று. பிற சமயத்தாரோடு மனம்விட்டு உரையாடி, புதிய நாட்டைக் கட்டும் பொதுப்பணியில் தோள் கொடுப்பதும் அதன் கடமை என்று அவர் கருதினார்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் முடிவு யாது? செஞ்சி மக்கள் எழுப்பிய சிறு கோயில் தம் மொழியைக் காத்தது; அதனால் அது வாழ்ந்தது. பின்னர் அது பிறர்க்கும் கதவு திறந்தது. அதனால் அது வளர்ந்தது. அசரியா தமிழை விடவில்லை; தெலுங்கையும் கற்றார். வேற்று மாநிலத்தில் வாழும் தமிழர் தம் குழந்தைகளுக்குத் தமிழில் இறைவனைப் பாடக் கற்பிக்கட்டும். அது அவர்கள் உரிமை. அதே குழந்தைகள் அண்டை வீட்டாரின் மொழியில் அவர்கள் துயரத்தைக் கேட்டறியவும் பழகட்டும். அது அவர்கள் கடமை. கோயிலுக்குள் இறைவனை நோக்கிக் கூப்பிய கைகள், வெளியே வந்ததும் அயலானை நோக்கி நீளுமானால், அந்த வழிபாடு எந்த மண்ணிலும் வேரூன்றும்.