ஷிஃப்ட் முடியாத டாக்டர்கள்

இன்னைக்கு எபிசோடு நைட் டியூட்டி பத்தி. ஐடி நைட் ஷிஃப்ட் இல்ல, பயிற்சியில் இருக்கிற டாக்டர்களோட நைட் டியூட்டி. ஆனா கதையை அம்பத்தூர் எஸ்டேட்ல இருந்து ஆரம்பிக்கிறேன்.

அம்பத்தூர், ஆவடி பக்கம் வளர்ந்தவங்களுக்கு ஃபர்ஸ்ட், செகண்ட், நைட்னு ஷிஃப்ட் கணக்குதான் வீட்டுக் காலண்டர். அப்பா நைட் ஷிஃப்ட்னா பகல்ல டிவி சத்தம் வைக்கக் கூடாது. இந்த ஒழுங்கு தானா வரலை. 1923 மே 1 அன்னைக்கு சிங்காரவேலர் சென்னையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். மே தினத்தோட மூலக் கோரிக்கையே எட்டு மணி நேர வேலைதான். பிறகு 1948 தொழிற்சாலைகள் சட்டம் நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்னு வரம்பு போட்டது.

அந்தச் சட்டத்தில் 57-வது பிரிவு எனக்கு ரொம்பப் பிடிக்கும். நள்ளிரவைத் தாண்டுற ஷிஃப்ட்ல வேலை பார்த்தவருக்கு ஒரு நாள் லீவுன்னா, ஷிஃப்ட் முடியற நேரத்துல இருந்து முழுசா 24 மணி நேரம். காலண்டர்படி நள்ளிரவுல இருந்து எண்ணினா, அவர் வேலை செஞ்ச நேரமும் லீவுக் கணக்கில் போயிடும். அதைத் தடுக்கத்தான் இந்த விதி.

2023 ஏப்ரல்ல 12 மணி நேர வேலைக்கு வழி விடுற திருத்த மசோதா தமிழக சட்டசபையில் நிறைவேறினப்போ எவ்வளவு எதிர்ப்பு வந்ததுன்னு ஞாபகம் இருக்கும். மே 1 அன்னைக்கே முதல்வர் ஸ்டாலின் அதை வாபஸ்னு அறிவிச்சார். சிங்காரவேலரோட மே தினத்துக்குச் சரியா 100 வருஷம்.

இப்போ அப்படியே பூந்தமல்லி பக்கம் வாங்க. வேலப்பன்சாவடி, தண்டலம்னு வரிசையா மெடிக்கல் காலேஜ். எம்பிபிஎஸ் முடிச்சு ஒரு வருஷப் பயிற்சியில் இருக்கிறவங்களை நம்ம ஊர்ல சிஆர்ஆர்ஐன்னு சொல்வாங்க. அதுல ஒரு ஆர் 'ரெசிடென்ஷியல்'. இந்த வார்த்தைக்கு ஒரு பின்கதை இருக்கு. 1889ல் அமெரிக்காவின் பால்டிமோர்ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி திறந்தது. அங்கே வில்லியம் ஹால்ஸ்டெட் உருவாக்கின முறையில், பயிற்சி டாக்டர்கள் ஆஸ்பத்திரியிலேயே குடியிருந்தாங்க. அதனாலதான் 'ரெசிடென்ட்'. ஆஸ்பத்திரியே வீடுன்னா, ஷிஃப்ட் எப்போ முடியும்?

உடம்பு என்ன சொல்லுது? 1997ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் டாஸனும் ரீடும் அளந்து பார்த்தாங்க. தொடர்ந்து 17 மணி நேரம் முழிச்சிருந்தவங்களோட செயல்திறன், 100 மில்லி ரத்தத்துல 50 மில்லிகிராம் ஆல்கஹால் இருக்கிறவங்க அளவுக்குக் குறைஞ்சது. 24 மணி நேரம்னா கிட்டத்தட்ட 100 மில்லிகிராம். நம்ம ஊர்ல வண்டி ஓட்டுறவருக்கு வரம்பே 30தான். 2005ல் அமெரிக்கப் பயிற்சி டாக்டர்கள்கிட்ட நடந்த ஆய்வில், நீண்ட டியூட்டி முடிச்சு வண்டி ஓட்டும்போது விபத்துக்கான வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல கூடியது தெரிஞ்சது. பூந்தமல்லி ஹை ரோட்டுல காலை நேர லாரிகளுக்கு நடுவுல பைக்ல போறவரை நினைச்சுப் பாருங்க.

சரி, சட்டம் போட்டா போதுமா? 1984ல் நியூயார்க் ஆஸ்பத்திரி ஒண்ணுல லிபி ஸையன்ங்கிற 18 வயசுப் பொண்ணு இறந்துபோனாங்க. பார்த்துக்கிட்டது, அந்த ராத்திரி நிறைய நோயாளிகளைச் சுமந்த பயிற்சி டாக்டர்கள். அவங்க அப்பா போராடினதுல, 1989ல் வாரத்துக்கு 80 மணி நேரம், தொடர்ச்சியா 24 மணி நேரம்னு அந்த மாநிலம் வரம்பு கொண்டு வந்தது. ஆனா 1998ல் முன்னறிவிப்பு இல்லாம சோதனை போட்டப்போ, விதி பரவலா மீறப்பட்டது தெரிய வந்தது. அபராதமும் கண்காணிப்பும் கூடினது அதுக்கு அப்புறம்தான்.

இங்கே விதி இல்லாம இல்ல. 1992லயே மத்திய அரசோட ரெசிடென்சி விதி, 'சாதாரணமாக' ஒரே மூச்சில் 12 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்னு சொல்லிடுச்சு. தேசிய மருத்துவ ஆணையத்தோட 2023 முதுநிலை விதிமுறை, 'நியாயமான' வேலை நேரம்ங்குது. 2024ல் அதே ஆணையத்தோட பணிக்குழு வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல வேண்டாம்னு பரிந்துரை செஞ்சது. அதே ஆகஸ்ட்ல, கொல்கத்தா ஆர்.ஜி. கர்ல நீண்ட டியூட்டிக்கு நடுவே செமினார் ஹால்ல ஓய்வெடுத்த பயிற்சி டாக்டர் கொல்லப்பட்ட வழக்கில், 36 மணி நேர ஷிஃப்ட் பத்தி உச்ச நீதிமன்றம் கவலை தெரிவிச்சது.

'சாதாரணமாக', 'நியாயமான'. என் பாஷையில் சொன்னா, கமெண்ட்ல எழுதின லிமிட்டை கம்ப்யூட்டர் படிக்காது. கோடுக்குள்ள செக் இருந்தாத்தான் அது நிக்கும். தொழிற்சாலையில் பதிவேடு இருக்கு, இன்ஸ்பெக்டர் இருக்கார். இந்த டாக்டரோட மணி நேரத்தை யார் எண்றாங்க?

எதிர்வாதமும் இருக்கு. டாக்டர் அடிக்கடி மாறினா தகவல் விட்டுப்போகும். நோயாளி கூடவே இருந்தாத்தான் கத்துக்க முடியும். அமெரிக்காவில் பின்னால நடந்த பெரிய ஆய்வுகள்ல, நேரக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினப்போ நோயாளி மரணங்கள் கூடவும் இல்ல. ஆனா ஷிஃப்ட் மாறும்போது தகவலை ஒழுங்கா எழுதி ஒப்படைக்கிறது, எஸ்டேட் கம்பெனிகளுக்குப் பழகின வேலைதான். வீட்டுக்கு பைக் ஓட்டிட்டுப் போற டாக்டரோட உயிரும் கணக்குல வரணும் இல்லையா?

டியூட்டிக்கு முன்னாடி மதியத் தூக்கம், நடுராத்திரியில் ஒரு 20 நிமிஷக் குட்டித் தூக்கம், விடியற நேரத்துல காபியைக் குறைக்கிறது, எல்லாமே உதவும். ஆனா குட்டித் தூக்கத்துக்கு ஒரு பூட்டுற அறையும் கட்டிலும் வேணும். அந்த 20 நிமிஷம் வார்டு போனை எடுக்க இன்னொரு ஆள் வேணும். அதை டிப்ஸா கொடுக்க முடியாது. ரோஸ்டர் போடுறவங்கதான் கொடுக்கணும்.

நம்ம கையில் இருக்கிறது சின்ன விஷயம். டியூட்டி முடிச்ச ஃப்ரெண்டு பைக் சாவியை எடுத்தா, எத்தனை மணி நேரமா முழிச்சிருக்கேன்னு கேளுங்க. 17ஐத் தாண்டிட்டா ஆட்டோ புக் பண்ணிக் கொடுங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.