துவாரத்தின் சரித்திரம்: சுழல் எந்திரக் கார்களில் வலுப்பெருக்கம்

மஸ்தா என்ற பெயர் சென்னைவாசிகளுக்கு, 1983-இல் பஞ்சாபில் தோன்றிய ஸ்வராஜ் மஸ்தா ஸ்தாபனத்தின் வாயிலாக, பள்ளிப் பிள்ளைகளைத் திணித்துக்கொண்டு அடையாற்றுப் பாலத்தின்மீது ஊர்ந்து போகும் வேனின் பெயராகப் பரிச்சயமாயிற்றே ஒழிய, பிஸ்டனே இல்லாத ஒரு யந்திரத்தை முப்பதாண்டுகளுக்கு மேலாக வளர்த்துப் பந்தய வெற்றி வரையில் கொண்டு சென்ற ஹிரோஷிமா நகரத்து நிபுணர்களின் பெயராக அல்ல. அந்த யந்திரத்திலிருந்து மேலும் மேலும் வலுவைக் கறந்தெடுக்க மனிதர் செய்த பிரயத்தனங்களை வரிசையாக ஆராயப் புகுந்தால், அந்தச் சரித்திரம் பெரும்பாலும் ஒரு துவாரத்தின் சரித்திரமாகவே அமைந்திருப்பது தெரியவரும். அதன் கிளைக்கதை ஒன்று சென்னையின் டூ-ஸ்ட்ரோக் பட்டறைகளிலும் நடந்திருக்கிறது என்பதே இக்கட்டுரை நிறுவ விரும்பும் செய்தி.

முதலில் யந்திரத்தின் அமைப்பு. இடுப்பில் சற்றே ஒடுங்கிய நீள்வட்ட வடிவுள்ள ஓர் அறைக்குள், பக்கங்கள் வெளிநோக்கிப் புடைத்த முக்கோணச் சுழலி ஒன்று, மையம் விலகிய தண்டின்மீது அமர்ந்து சுழல்கிறது. அதன் மூன்று முனைகளும் அறைச்சுவரை எப்போதும் தொட்டுக்கொண்டே இருப்பதால் உண்டாகும் மூன்று இடைவெளிகளும் பெரிதும் சிறிதுமாக மாறி மாறி, கலவையை உறிஞ்சி, நெருக்கி, எரித்து, வெளியேற்றுகின்றன. சுழலி ஒரு முறை சுற்றுவதற்குள் தண்டு மூன்று முறை சுற்றிவிடுவதால், தண்டின் சுற்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வெடிப்பு கிடைக்கிறது. இதில் வால்வு கிடையாது. கேம் தண்டு கிடையாது. உள்வாயிலைத் திறப்பதும் மூடுவதும் சுழலியேதான். ஆகையால், மற்ற யந்திரங்களில் கேம் தண்டை மாற்றி அடையும் பலனை இதில் அடைய வேண்டுமானால், துவாரத்தின் விளிம்பை அரத்தால் ராவுவதைத் தவிர வேறு மார்க்கமில்லை. டூ-ஸ்ட்ரோக் யந்திரத்திலும் நிலைமை இதுவே; அங்கே பிஸ்டன் செய்வதை இங்கே சுழலி செய்கிறது.

ஃபெலிக்ஸ் வான்கெல் என்ற ஜெர்மானியர் வாயு கசியாமல் அடைக்கும் வித்தையில் வாழ்நாளைக் கழித்தவர். 1951 முதல் நெக்கர்சுல்ம் நகரத்து என்எஸ்யு கம்பெனியோடு சேர்ந்து உழைத்த அவருடைய முதல் யந்திரம் 1957 பிப்ரவரியில் ஓடிற்று. இன்று நாம் காணும் எளிய உருவத்தை அதற்குக் கொடுத்தவர் அக்கம்பெனியின் எஞ்சினியர் ஹான்ஸ் டீட்டர் பாஷ்கே. என்எஸ்யு இந்த அதிசயத்தை உலகறியச் செய்தது 1959-இன் இறுதியில்; அதே ஆண்டில்தான் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு கிண்டி வனத்தின் ஓரத்தில், அடையாற்றை ஒட்டி, ஐஐடி பிறந்தது. ஆனால் ஜெர்மானிய யந்திர ஞானத்தின் இந்தக் குறிப்பிட்ட கிளை தமிழகத்துக்கு நேரே வந்து சேரவில்லை. அது கிழக்கே ஜப்பானுக்குப் போயிற்று.

1961-ஆம் ஆண்டு இந்த ஆராய்ச்சியில் மிகவும் கவனிக்கத்தக்கது. அவ்வாண்டு, பிற்காலத்தில் மஸ்தா எனப் பெயர் மாற்றிக்கொண்ட டோயோ கோக்யோ கம்பெனி, சுழல் எந்திரத்துக்கான உரிமத்தை என்எஸ்யுவிடமிருந்து முறைப்படி விலை கொடுத்து வாங்கிற்று. அதே ஆண்டில், கிழக்கு ஜெர்மனியின் எம்ஸெட் மோட்டார் சைக்கிள் பந்தயவீரரான எர்ன்ஸ்ட் டெக்னர், பெர்லின் சுவர் எழும்பிய சில வாரங்களுக்குள், ஸ்வீடன் பந்தயத்தின்போது தப்பியோடி, வால்டர் காடன் என்ற மேதை ஆண்டுக்கணக்காகக் கண்டறிந்த டூ-ஸ்ட்ரோக் ரகசியங்களைச் சுசுகி கம்பெனிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். மறு ஆண்டே 50 சிசி உலகப் பட்டம் அவருக்கும் சுசுகிக்கும் கிட்டிற்று. ஒன்று உரிமம், மற்றொன்று திருட்டு. இரண்டிலும் சரக்கு ஒன்றே. துவாரம் எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும், வெளியேறும் புகையின் அலையை எவ்வாறு வேலைவாங்க வேண்டும் என்பதே அந்தச் சரக்கு.

திருட்டுப் போன சரக்கே, ஜப்பானிய டூ-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்களின் வடிவில், நமக்கு முதலில் கிடைத்தது. எஸ்கார்ட்ஸ் கம்பெனி 1983-இல் ராஜ்தூத் 350 என்ற பெயரில் யமஹாவின் ஆர்டி 350-ஐ வெளியிட்டது. ஜப்பானில் 39 குதிரைசக்தி கொடுத்த அந்த யந்திரம், பெட்ரோல் செலவைக் குறைக்கும் உத்தேசத்தால், இங்கே சுமார் 30 ஆக அடக்கப்பட்டது. 1984-இல் ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகியும், 1985-இல் யமஹா ஆர்எக்ஸ் 100-உம் வந்தன. கம்பெனி அடக்கிவைத்த வலுவை அவிழ்த்துவிடுவது இளைஞர்களின் பொழுதுபோக்காயிற்று. புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகளும், ராயப்பேட்டை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையின் உதிரிபாகக் கடைகளும், எண்ணற்ற லேத் பட்டறைகளும் அதற்குத் துணை நின்றன. பரீட்சைக் களமோ வடக்கே கல்கத்தா சாலையில் இருந்த சோழவரம்: இரண்டாம் உலக யுத்தத்தின்போது போடப்பட்ட விமான ஓடுதளத்தில் சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல்லாண்டுகள் நடத்திவந்த பந்தயங்கள், 1990-இல் இருங்காட்டுக்கோட்டைப் பாதை திறக்கப்பட்ட பின்னரே அங்கு மாறின.

அப்பட்டறைகளின் வேலைமுறையைச் சற்று அருகிருந்து பார்ப்பது தகும். கழற்றிய பிளாக்கினுள் ஒரு தாளைச் சுருட்டி வைத்து, விரலில் தொட்ட கரியால் தேய்த்தால், துவாரங்களின் விளிம்பு தாளில் அச்சாகப் பதிந்துவிடும். அதை விரித்து அளந்து, எக்ஸாஸ்ட் துவாரத்தின் மேல்விளிம்பை எவ்வளவு உயர்த்தலாம் என்று மெக்கானிக் தீர்மானிப்பார். பிறகு அரைவட்ட அரம். பிறகு எமரி தாள். துவாரத்தை அளவுக்கு மீறி அகலமாக்கினாலோ, விளிம்பைச் சாய்வாக மழுக்காமல் கூராக விட்டுவிட்டாலோ, பிஸ்டன் ரிங் அதில் புடைத்து மாட்டி முறிந்துபோகும். கார்புரேட்டரில் கலவைக்கு ஏற்ற ஜெட் போடாவிட்டால் எஞ்சின் சீஸ் ஆகிவிடும். வலு கூடும், ஆனால் கீழ்வேகத்தில் இழுவை போய்விடும், பெட்ரோல் தண்ணீராகச் செலவாகும், பிளாக்கின் ஆயுளும் குறையும். இந்த வியாபாரத்தில் கொடுக்கல் இல்லாத வாங்கல் கிடையாது என்பதை ஆங்கிலம் அறியாத மெக்கானிக்குகளும் கைப்பழக்கத்தாலேயே உணர்ந்திருந்தார்கள்.

ஹிரோஷிமாவின் அனுபவமும் அச்சாக இதுவே. கெனிச்சி யமமோட்டோவின் தலைமையில் 1963-இல் கூடிய 47 எஞ்சினியர்களை முதலில் வாட்டியது வலுக்குறைவு அன்று. சுழலியின் முனையில் பொருத்திய சீல்கள் அதிர்ந்து அதிர்ந்து அறைச்சுவரில் கீறிய அலைவரிகளேயாகும். அவற்றைச் சைத்தானின் நகக்கீறல் என்றே அவர்கள் அழைத்தார்கள். அலுமினியம் ஊட்டிய கரிச் சீல்களால் அந்தச் சைத்தானை ஒருவாறு ஓட்டிய பின்னர், 1967 மே மாதத்தில் காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது: இரண்டு சுழலிகள், 982 சிசி, 110 குதிரைசக்தி. அடுத்த ஆண்டே அது 128 ஆயிற்று.

இங்கேதான் துவாரத்தின் பிரச்னை தலைதூக்குகிறது. என்எஸ்யு தன் உள்வாயிலை அறையின் சுற்றுச்சுவரிலேயே துளைத்திருந்தது. காற்று நேரே பாய்ந்து உட்புகுவதால் மேல்வேகத்தில் வலு அதிகம். ஆனால் அந்தத் துவாரத்தைச் சுழலியால் முழுதும் மூடவே முடிவதில்லையாகையால், எரிந்த புகையும் புதிய கலவையும் ஒன்றோடொன்று கலந்து, மெதுவாக ஓடும்போது யந்திரம் திக்கித் திணறும். மஸ்தா தெருவில் ஓடும் காரை நினைத்து, உள்வாயிலைப் பக்கத் தகட்டில் வைத்தது. சாதுவான ஓட்டம் கிடைத்தது. வலுவுக்கு எல்லையும் ஏற்பட்டது. 1968-இல் நூர்பர்க்ரிங்கில் நடந்த 84 மணிநேரப் பந்தயத்துக்கு அனுப்பிய காஸ்மோக்களில் இருவகைத் துவாரங்களையும் வைத்து, வேகம் கூடும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற ஒரு தட்டுவால்வும் பொருத்தினார்கள். ஆயுளைக் கருதி வலுவை 130 அளவிலேயே நிறுத்தினார்கள். இரண்டில் ஒன்று நான்காவதாக வந்தது.

கம்பெனி கட்டிய எல்லையைத் தனியார் பட்டறைகள் தாண்டிய படிகள் மூன்று. பக்கத் துவாரத்தின் விளிம்புகளை ராவிப் பெரிதாக்கி, சற்று முன்னதாகத் திறந்து சற்றுத் தாமதமாக மூடச் செய்வது முதற்படி. தெருவில் ஓட்டுவதற்கு இது போதும், இதற்கு மேல் ஆசைப்படுவது பெரும்பாலும் வீண் ஆடம்பரம் என்பதே என் கருத்து. இரண்டாவது, பழைய துவாரத்துக்கு அருகில் புருவம் போன்ற ஒரு பிளவை வெட்டி, இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு இரும்புப் பாலத்தை விட்டுவைப்பது. அந்தப் பாலம் அலங்காரத்துக்கு அன்று; சுழலியின் மூலைச் சீல் பிளவுக்குள் விழுந்துவிடாமல் தாங்குவதற்கே. ரிங் மாட்டி முறியும் என்று சென்னை மெக்கானிக் அஞ்சியதும் இந்த அச்சமும் ஒன்றே. மூன்றாவது, பக்கத் துவாரத்தை அடைத்துவிட்டு, என்எஸ்யுவின் வழிக்கே திரும்பிச் சுற்றுச்சுவரைத் துளைப்பது. 1308 சிசி பந்தய யந்திரம் இம்முறையால் டர்போ இன்றியே ஏறக்குறைய 300 குதிரைசக்தி கொடுத்தது. இத்தகைய கார்க்காரர் பலர் சீல்களைக் காக்கும்பொருட்டுப் பெட்ரோலில் டூ-ஸ்ட்ரோக் ஆயிலைக் கலந்துகொள்வதும் உண்டு.

மற்றொரு மார்க்கம் டர்போ. சுழல் எந்திரத்தின் எரியறை நீண்டும் மெலிந்தும் இருப்பதால், ஒரு சுழலிக்கு இரண்டு ஸ்பார்க் பிளக் வைத்தும் கலவை முற்றும் எரிவதில்லை. உஷ்ணத்தில் பெரும்பகுதி புகையோடு வெளியே ஓடிவிடுகிறது. 1973-இன் எண்ணெய் நெருக்கடியில் மஸ்தாவைக் கவிழ்க்க இருந்ததும் இந்தக் குறையே. அந்த வீணான உஷ்ணமே டர்போவின் சக்கரத்துக்குத் தீனியாயிற்று. 1982-இல் காஸ்மோவில் டர்போ வந்தது: 160 குதிரைசக்தி. 1991-இன் ஆர்எக்ஸ்-7, ஒன்றன்பின் ஒன்றாக விழித்தெழும் இரண்டு டர்போக்களால் 1308 சிசியிலிருந்து 255 குதிரைசக்தியும், 1999-இல் ஜப்பானியக் கம்பெனிகள் தமக்குள் வகுத்துக்கொண்ட உச்சவரம்பான 280-உம் எட்டிற்று. காற்றழுத்தத்தை இன்னும் ஏற்றினால் வலு இன்னும் ஏறும். ஆனால் கலவை ஒரு முறை தானாக வெடித்துத் தட்டினாலும் முனைச் சீல் நொறுங்கக்கூடும். பிஸ்டன் யந்திரம் பொறுத்துக்கொள்ளும் பிழையை இது பொறுப்பதில்லை.

டர்போவின் துணையின்றி இந்த வித்தை அடைந்த சிகரம் 1991 ஜூன் மாதத்து லெ மான்ஸ் பந்தயம். மஸ்தாவின் 787பி காரின் யந்திரத்தில் நான்கு சுழலிகள்; சுழலிக்கு மூன்று ஸ்பார்க் பிளக்; பீங்கான் சீல்கள்; சுற்றுச்சுவர்த் துவாரங்கள்; வேகத்துக்கேற்ப நீண்டும் குறுகியும் அலையைத் துவாரத்தின் வாயில் சரியான க்ஷணத்தில் கொண்டுவந்து நிறுத்தும் உள்ளிழுப்புக் குழாய்கள். காடன் எக்ஸாஸ்டில் செய்ததை இவர்கள் உள்வாயிலில் செய்தார்கள். நிமிஷத்துக்கு 9000 சுற்றில் 700 குதிரைசக்தி. ஹெர்பர்ட், வைட்லர், காஷோ மூவரும் ஓட்டி 362 சுற்றுக்களில் வென்றார்கள். ஜப்பானியக் கார் ஒன்று அங்கே வென்றது அதுவே முதல் முறை. மறு ஆண்டின் விதிகளில் சுழல் எந்திரத்துக்கு இடமில்லாமற் போயிற்று.

2003-இன் ஆர்எக்ஸ்-8 காரில் வெளிவாயிலும் பக்கத் தகட்டுக்கே மாற்றப்பட்டு, புகையும் கலவையும் கலக்கும் நேரம் அடியோடு ஒழிக்கப்பட்டது. டர்போ இல்லாமலே 250 குதிரைசக்தி என்று ஜப்பானில் அறிவித்தார்கள். அமெரிக்காவில் 247 என்று சொன்னதைப் பின்னர் 238 ஆகக் குறைத்துக்கொண்டு, அதிருப்தியடைந்தோரின் கார்களைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் கம்பெனி முன்வந்தது. 2012-இல் அதன் உற்பத்தியும் நின்றது. டூ-ஸ்ட்ரோக்கைத் தெருவிலிருந்து அகற்றிய எரியாத புகையின் குற்றமே இதன்மேலும் சுமத்தப்பட்டது.

விலை கொடுத்து வாங்கிய சரக்கும் கடைசியில் இந்தியாவுக்கு வந்தது, ஆனால் காராக அன்று. ராணுவ ஆராய்ச்சி ஸ்தாபனத்தின் நிஷாந்த் என்ற ஆளில்லா விமானத்துக்காக அகமதுநகர், பெங்களூர் ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து சமைத்த ஒற்றைச் சுழலி யந்திரம், 2009 ஏப்ரல் 5 அன்று கோலார் அருகே, சோழவரத்தைப் போலவே யுத்தகாலத்து ஓடுதளம் ஒன்றிலிருந்து எழும்பி, 40 நிமிஷம் பறந்து பத்திரமாக இறங்கிற்று. யந்திரத்தின் எடை சுமார் 30 கிலோ. வலு 55 குதிரைசக்தி.